கை பட்டது என்று சொன்ன பஞ்சலிங்கம்

என் அண்ணை பஞ்சலிங்கத்தைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதை உண்டு. ஒன்று, உடுப்பிட்டிப் பக்கத்துத் தோட்டக்காரப் பெடியளுக்குப் பந்தடிக்கப் பழக்கினவர் என்பது. மற்றது, கோயிலில் கற்பூரம் அணைக்கப் பயந்து படியிறங்கின பொய்யர் என்பது. முதற்கதையை மறந்தவர்கள்கூட இரண்டாவதை மறக்கவில்லை. ஊர்வாய் அப்படித்தான். நான் அவருடைய தங்கை குணலட்சுமி. அவர் கண்மூடும் வரைக்கும் அவருக்குச் சோறு போட்டவள். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் வேறு ஆளில்லை. எனக்கு அந்த விஷயத்தில் இன்னும் வயிறு எரிகிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மாவை எனக்கு நினைவில்லை. எங்களைப் பெற்ற ஐயா செத்துப்போனபோது அண்ணை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை வைத்துவிட்டு வந்து மண்வெட்டியைத் தூக்கினார். புகையிலையும் வெங்காயமும் எங்கள் சீவியம். பள்ளிக்கூடத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது கொஞ்ச இங்கிலீசும் உதைபந்தாட்டமும்தான். இங்கிலீசு தோட்டத்தில் எதற்கும் உதவவில்லை. பந்தை மட்டும் அவர் விடவில்லை. புகையிலை விற்ற காசில் ஒரு தோற்பந்து வாங்கிவந்து, மாடு மேயும் தரவையில் கமுகந்தடி நட்டு, கயிறு கட்டி, அதுதான் கோல் என்றார். அது முப்பத்துநாலாம் ஆண்டு என்று நினைக்கிறேன்.

பெடியளுக்குப் பழக்குவதை எல்லாம் அவர் முதலில் எனக்குத்தான் சொல்லிப் பார்ப்பார். வீட்டுப் பின்வளவில், கிடுகுவேலி மறைவில், என்னை நிறுத்திவிட்டுப் பந்தை உருட்டி விடுவார். பெண்பிள்ளை பந்தடிப்பதை ஊர் கண்டால் என்னாகும் என்று நான் பயப்படுவேன். அவருக்கு அந்த யோசனையே கிடையாது.

"பெருவிரலாலை உதையாதை பிள்ளை, நகம் போகும். பாதத்தின்ரை உள்பக்கத்தாலை தட்டு. பந்தை நிப்பாட்ட வேணுமெண்டால் உள்ளங்காலை மெல்ல மேலை வை. மிதியாதை. அது பாம்பில்லை."

நான் தட்டுவேன். பந்து நேரே கிணற்றடிக்குப் போகும். "பரவாயில்லை, உன்ரை கால் எங்கை பாக்குதோ பந்து அங்கைதான் போகும்" என்பார். இரண்டு கையாலும் தலைக்கு மேலால் எறிவது, எறியும்போது காலைத் தூக்காமல் நிற்பது, கண்ணை மூடாமல் நெற்றியால் முட்டுவது, எல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒரு நாளும் தரவையில் பந்தடித்ததில்லை, அது வேறு கதை.

முதல் நாள் வந்த பெடியளைப் பற்றி அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நெல்லைக் கண்ட கோழிகள் மாதிரி அத்தனை பேரும் பந்துக்குப் பின்னாலேயே ஓடினார்களாம். கோல்காரனும் கோலை விட்டுவிட்டு ஓடினானாம். மாலையில் பாதிப்பேர் நகம் பெயர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான்தான் மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன்.

தலையால் முட்டப் பழக்கியபோது கோயிற் பெரியவர்கள் வந்து நின்றார்கள். திருநீறு பூசுகிற நெற்றியில் மாட்டுத்தோலை முட்டுவதோ என்று கேட்டார்கள். அண்ணை கோபப்படவில்லை. "தவிலும் தோல்தானே, அதைச் சாமிக்கு முன்னாலை அடிக்கிறியள்" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மனதில் வைத்துக்கொண்டார்கள்.

பந்து பழக்குவதைவிட ஒழுக்கம் பழக்கத்தான் அவர் அதிகம் மினைக்கெட்டார். விழுந்தவன் எதிர்ப்பக்கத்து ஆளானாலும் கை கொடுத்துத் தூக்கு. விசில் ஊதுகிற றெபறியோடு வாய் காட்டாதே. தோற்றாலும் போய்க் கை குலுக்கிவிட்டு வா. உன் கையில் பந்து பட்டால், றெபறி காணாவிட்டாலும் நீயே கையைத் தூக்கு. இந்தக் கடைசிச் சட்டம்தான் பெடியளுக்குச் சிரிப்பாக இருந்தது.

"அந்தாள் காணாட்டில் நாங்கள் ஏன் அண்ணை சொல்ல வேணும்?" என்று கோல்காரன் கந்தப்பு கேட்டான்.

"உனக்குத் தெரியுமெல்லோ. அது போதும்."

அவர்களில் கெட்டிக்காரன் நமசிவாயம். என் ஐயாவின் தங்கை பராசக்தி மாமியின் மகன். எனக்கு உரிமை மச்சான். அண்ணைக்குச் சமவயது, ஒரே கோப்பையில் சாப்பிடுகிற சினேகிதம். அண்ணை ஒரு தரம் காட்டினால் அடுத்த தரம் அவன் அதை அண்ணையைவிட நன்றாகச் செய்வான். பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அவனுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. எனக்கு அவனில் விருப்பம்தான், மறைத்து என்ன. வேலிக்கு அப்பால் அவன் குரல் கேட்டால் அடுப்பில் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிடுவேன். இப்போது அவனை 'அவன்' என்றுதான் சொல்ல வாய் வருகிறது.

முப்பத்தாறாம் ஆண்டு, சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கையோடு, கொடிகாமத்துப் பெடியளோடு ஒரு கேடயத்துக்குப் போட்டி வைத்தார்கள். ஊரே தரவையில் கூடியது. நாங்கள் பெண்கள், மரத்தடியில் அவிழ்த்துவிட்ட வண்டில்களில் இருந்து பார்த்தோம். மிஷன் பள்ளிக்கூடத்துச் செல்வத்துரை மாஸ்டர் றெபறி. வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு, விசிலோடு ஓடித் திரிந்தார்.

ஆட்டம் முடிகிற நேரம். யாரும் கோல் போடவில்லை. கொடிகாமத்தான் ஒருவன் ஓங்கி அடித்தான், கந்தப்பு பாய்ந்து விழுந்தான், பந்து அவனைக் கடந்தது. கோல் வாயில் நின்ற நமசிவாயத்தில் பட்டு வெளியே வந்தது. எங்கள் ஆட்கள் கூக்குரலிட்டார்கள். எதிர்ப்பக்கத்தார் கை, கை என்று கத்தினார்கள். எங்களுக்கு அத்தனை தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு நடந்ததைக் கிட்ட நின்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். செல்வத்துரை மாஸ்டருக்குக் குறுக்கே ஆட்கள் நின்றதால் அவர் காணவில்லை. அண்ணைதான் கப்டன், பக்கத்தில் நின்றவரும் அவர்தான்.

"பஞ்சலிங்கம், உம்மைத்தான் கேக்கிறன். கை பட்டதோ?"

அண்ணை முதலில் நமசிவாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம், அவன் தானாகக் கையைத் தூக்குவான் என்று. அவன் குனிந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தானாம்.

"ஓம் சேர். கை பட்டது" என்றார் அண்ணை.

கொடிகாமத்தாருக்குப் பெனால்ரி உதை கொடுத்தார்கள். கோல் விழுந்தது. கேடயம் கொடிகாமத்துக்குப் போனது. அண்ணை தனியாகப் போய் அவர்கள் எல்லோருக்கும் கை குலுக்கிவிட்டு வந்தார். எங்கள் ஆள் ஒருவனும் கூடப் போகவில்லை.

அன்றைக்கே கதை கிளம்பிவிட்டது. பந்து தோளில் பட்டது, கையில் படவில்லை என்று நமசிவாயம் சொன்னான். அப்படியென்றால் சொந்தக் கப்டனே ஊரை விற்றுவிட்டான் என்றார்கள். தான் பெரிய நேர்மைக்காரன் என்று மிஷன் மாஸ்டருக்குக் காட்டப் பொய் சொன்னானாம். அவரிடம் கால்மாடு தலைமாடு தெரியாமல் வந்து பந்தைத் தொடப் பழகினவர்களே இதைச் சொன்னார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிறகு நமசிவாயம் சந்தியில் நின்று ஒரு சொல் சொன்னான். "வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலிலை நான் கற்பூரம் அணைக்கிறன். மச்சானும் அணைக்கட்டும். சாமி பாத்துக்கொள்ளட்டும்."

எங்கள் பக்கத்தில் எல்லைச்சண்டை, களவு என்று வந்தால் இப்படித்தான் தீர்ப்பது வழக்கம். சாமிக்கு முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச்சத்தியம் செய்தவன் குடும்பத்தோடு அழிவான். இரண்டு பேரும் அணைத்தால், யார் வீட்டில் இழவு விழுகிறது என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்காவது இதில் பொய் சொல்லத் துணிவு வரும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. பந்தடிச் சண்டையை அதற்குக் கொண்டுபோனவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

செல்வத்துரை மாஸ்டர் வீடு தேடி வந்து சொன்னார். "உது என்ன விசர்வேலை பஞ்சலிங்கம். விளையாட்டிலை றெபறி ஊதினால் அதோடை முடிஞ்சுது. நீர் போகாதையும்."

"போகாட்டில் பயந்திட்டன் எண்டுவாங்கள் சேர். நான் கண்டதைத்தானே சொன்னனான்" என்றார் அண்ணை. அவர் அணைக்கத்தான் போனார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வீதி நிறைந்துவிட்டது. நமசிவாயம் குளித்துத் தோய்ந்து, திருநீறு பூசி, படியில் ஏறினான். "என்ரை கையிலை பந்து படேல்லை" என்று நா கூசாமல் சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. என்னைக் கட்டப்போகிறவன் கள்ளனில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

திரும்பக் கற்பூரம் கொளுத்தினார்கள். அண்ணை படியில் ஏறினார். கையை நீட்டினார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நீட்டின கையை எடுத்தார்.

"நான் அணைக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சனம் சிரித்தது. யாரோ காறித் துப்பினார்கள். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. நான் அண்ணைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஏன் அண்ணை அணைக்கேல்லை?"

"எனக்குக் கண் பிசகியிருக்கும் பிள்ளை. தோளைத்தான் கையெண்டு கண்டிருப்பன். சந்தேகத்தோடை எப்பிடிச் சத்தியம் செய்யிறது?"

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அண்ணையும் பொய்யரில்லை, மச்சானும் பொய்யனில்லை, கண்தான் பொய். கண் பிசகுவது குற்றமா? அன்றைக்கு இரவுச் சோறு நிம்மதியாக இறங்கியது. அண்ணை கோப்பையிலிருந்த சோற்றை அளைந்துவிட்டு எழும்பினதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

பந்தடிக் கழகத்திலிருந்து அவரை நீக்கினார்கள். நமசிவாயம் கப்டனானான். அண்ணையின் காசில் வாங்கின பந்தைக் கேட்டு ஆள் அனுப்பினான், அண்ணை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் தரவையில் சத்தம் போட்டு விளையாடுகிறபோது இவர் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். நான் ஆவணிக்கு நாள் பார்த்துக்கொண்டு, தலையணை உறைக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறக்குமுன் பராசக்தி மாமி வந்தார். வாசலிலேயே நின்றார். வெற்றிலைத் தட்டத்தை நான் நீட்ட, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பஞ்சலிங்கம், என்னைக் குறை நினையாதை. பொய்க்காரன்ரை வீட்டிலை பொம்பிளை எடுத்தால் நாளைக்கு என்ரை பிள்ளையை ஊர் நாக்கிலை போட்டு வளைக்கும். இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

செத்துப்போன தன் அண்ணனுடைய வீட்டு வாசலில் நின்றுதான் அந்த மனுஷி அதைச் சொன்னார்.

அண்ணையின் முகத்தில் இரத்தமில்லை. "மாமி, நமசிவாயம் என்ன சொல்லுறான்?"

"அவன்தான் சொல்லிவிட்டவன்."

அண்ணை வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். திரும்ப மூடிக்கொண்டு, கூரையைத் தாங்கிய கப்புக்காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். மாமி போய்விட்டார்.

அன்று பின்னேரம் கந்தப்பு ஓடி வந்தான். ஊரில் கேள்விப்பட்டிருக்கிறான். அண்ணை தோட்டத்துக்குப் போயிருந்தார். கந்தப்பு படலையடியில் நின்று அழுதான்.

"அக்கா, நான் கோலுக்கை விழுந்து கிடந்தனான். என்ரை தலைக்கு மேலை நடந்தது. நமசிவாயத்தார் கையாலைதான் தட்டினவர், ரெண்டு கையாலும். அண்ணைக்குச் சந்தேகமே இல்லை. அண்ணை கற்பூரம் அணைச்சால் மச்சான் பொய்ச்சத்தியக்காரன் எண்டு போயிடும், உங்கடை கலியாணம் குழம்பிப்போம் எண்டுதான் விட்டவர். வாய் திறக்கக் கூடாது எண்டு என்னட்டையும் வாக்கு வாங்கினவர்."

நான் பூப்போட்ட துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண் பிசகவில்லை. கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது. என் கல்யாணத்தைக் காப்பாற்ற அண்ணை ஊருக்கு முன்னால் பொய்யரானார், அந்தப் பொய்யரின் வீடு என்று சொல்லியே கல்யாணத்தை முறித்தார்கள். முறித்தவனும் அவன்தான், பொய்யனும் அவன்தான்.

அண்ணை வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "கந்தப்பு சொல்லிப்போட்டான். இப்பவாவது போய்க் கற்பூரத்தை அணையுங்கோ. இனி இழக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். "இப்பப் போய்ச் சொன்னால், சம்பந்தம் முறிஞ்ச கோபத்திலை சொல்லுறான் எண்டுதான் சொல்லுவாங்கள். அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும். நேரம் போயிட்டுது."

அது உண்மைதான். அதற்காக நான் கோபிக்கவில்லை. எனக்குக் கோபம் வேறு.

"உவன் சாமிக்கு முன்னாலை பச்சைப்பொய் சொன்னவன் எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு என்னை அவனுக்குக் குடுக்கப் பாத்தனீங்களோ?"

"உனக்கு அவனிலை விருப்பம் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை."

"விருப்பம் எண்டால் என்னட்டைச் சொல்லியெல்லோ இருக்க வேணும். கண் பிசகிப்போச்சு எண்டு எனக்கே கதை விட்டிட்டியள். நான் அதை நம்பிக்கொண்டு தலையணைக்குப் பூப்போட்டுக்கொண்டு இருக்கிறன். ஒரு வருஷம் கழிச்சு, ஒரு பிள்ளை பிறந்தாப்பிறகு எனக்குத் தெரிய வந்திருந்தால் நான் என்ன செய்யிறது?"

அவர் கால் கழுவக் கிணற்றடிக்குத் திரும்பினார். "இனி எனக்கு நீங்கள் மாப்பிள்ளை பாக்க வேண்டாம்" என்றேன். சொன்னபடியே இருந்தேன். அவரும் கட்டவில்லை, தங்கையை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டுவது என்று விட்டுவிட்டார்.

நமசிவாயத்துக்குத் தெல்லிப்பழையில் பெண் எடுத்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மனமறியப் பொய் சொல்லி என்ன. அவன் வீட்டில் ஒரு மாடுகூடச் சாகவில்லை. ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள், கல்வீடு எழும்பியது. பிள்ளையாருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். கந்தப்பு நாலு பேரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். கற்பூரம் அணைத்தவனைவிட நீ பெரியவனோ என்று கேட்டு அவனை விரட்டினார்கள்.

அண்ணையை மதித்தவர்கள் கொடிகாமத்தார் மட்டும்தான். அடுத்த வருஷம் வண்டில் கட்டிக்கொண்டு வந்து, தங்கள் பக்கத்துப் போட்டிக்கு நீங்கள்தான் றெபறியாக வரவேண்டும் என்று கேட்டார்கள். போனார். பிறகு வருஷா வருஷம் போனார். அங்கே புதிதாகப் பழகுகிற பெடியளுக்கு, எனக்குச் சொன்ன அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார் என்று கேள்வி. திரும்பி வந்து மாங்காயும் கத்தரிக்காயும் என் முன்னால் வைப்பார், நான் எடுத்துக் கறி வைப்பேன். பந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழ் அத்தனை வருஷம் அப்படித்தான் இருந்தோம். சோற்றில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை.

நாற்பத்துமூன்றாம் ஆண்டு மாரியில் நெருப்புக்காய்ச்சல் வந்து போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. கொடிகாமத்தாரும் வந்தார்கள். வளவு நிறைய ஆம்பிளைகள். நமசிவாயமும் வந்தான், மச்சான் முறை, வராமல் இருக்க முடியுமா. நல்ல வேட்டி, சால்வை. ஊர்ப் பெரிய மனிதனாகிவிட்டான். கோயிற் பெரியவர்களுக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியாகப் பெருமூச்சு விட்டான்.

"என்ரை மச்சானைப்போலை ஒரு மனிசன் இனிக் கிடையாது. வாயிலை பொய் வராது. ஒரு நாளும் பொய் சொல்லி அறியாதவர்."

செத்தவனைப் பற்றி எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். வாய்ப்பழக்கம். அவனுக்குத் தான் என்ன சொல்கிறேன் என்றே தெரிந்திருக்காது. நான் தலைமாட்டில் இருந்து எழும்பி வெளியே வந்தேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

"மச்சான், அண்ணை ஒரு நாளும் பொய் சொன்னதில்லையோ?"

"இல்லை குணம். சத்தியமாய் இல்லை."

"அப்ப அண்டைக்குத் தரவையிலை உங்கடை கையிலைதானே பந்து பட்டது?"

அவன் வாய் திறந்தபடி நின்றது. கோயிலில் அன்றைக்கு நின்ற கிழவர்கள் அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். கொடிகாமத்தார் பார்த்தார்கள். அவன் சால்வையை எடுத்து வியர்க்காத முகத்தைத் துடைத்தான். பராசக்தி மாமி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படலையால் வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை. பிறகு ஒரு பெரியவர் மெதுவாக, "அப்ப பெடியன் உண்மைதான் சொன்னவன்" என்றார். பெடியன் உள்ளே விறைத்துக் கிடந்தார்.

நான் திரும்பிப் போய் அண்ணையின் தலைமாட்டில் இருந்தேன். ஒரு நாளும் பொய் சொல்லாதவர் என்று வெளியே எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுக்கவில்லை. அவர் சொன்ன ஒரே பொய்யை என்னிடம்தான் சொன்னார், என்னிடம் மட்டும்தான். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது.